ரிப்பன் மாளிகை மன்றம் மறுபடி பூட்டப்படக் கூடாது!

தெரு விளக்கு எரியவில்லை. குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறது. மழைநீர் வடிகாலின் மூடி உடைந்து கிடக்கிறது. ராத்திரி நேரத்தில் யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு புண்ணியவான் அதில் வேப்பங்கிளையைச் செருகி வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

"கவுன்சிலர் வீடு எங்கேப்பா இருக்கு?" என்று கேட்டால் டீக்கடைக்காரர் கை காட்டுவார். விடியற்காலையில் போய்க் கதவைத் தட்டலாம். ஆள் வெளியே வராவிட்டாலும் வாசலில் நின்று நாலு வார்த்தை சத்தம் போடலாம். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம்.

சென்னைவாசிக்கு இந்தச் சின்ன வசதிகூட வெகு காலம் கிடையாது. சில மாதங்கள், ஒரு வருஷம் என்றில்லை. ஒரு தடவை 23 வருஷம். இன்னொரு தடவை ஐந்து வருஷத்துக்கு மேல்.

2022 மார்ச்சில் பதவியேற்ற இப்போதைய மன்றத்துக்கு 2027 மார்ச் வரைதான் ஆயுள். அதற்குள் தேர்தல் நடந்து அடுத்த மன்றம் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. பழைய கதையைப் புரட்டினாலே போதும்.

மஸ்டர் ரோல் மர்மம்

1973-ஆம் வருஷக் கடைசி. சென்னைக் கார்ப்பரேஷனில் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. மஸ்டர் ரோல் என்றால் வேறொன்றுமில்லை. தினக்கூலி ஆட்களின் பெயரை எழுதி, வந்தாரா, வரவில்லையா என்று குறித்து, கூலி கொடுக்கிற ஏடு. அந்த ஏட்டில் இல்லாத ஆட்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. வேலையே செய்யாத கைகளுக்குக் கூலி போனது.

நகரமே கொதித்தது. அன்றைய கலைஞர் அரசு மாமன்றத்தையே கலைத்தது. தனி அதிகாரி வந்து உட்கார்ந்தார்.

திருடினவனைப் பிடி, உள்ளே தள்ளு. அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் நடந்தது என்ன? மஸ்டர் ரோல் எழுதுகிற ஆபீஸ் அப்படியே இருந்தது. நாற்காலி, மேசை, பைல், முத்திரை எல்லாம் இருந்தன. ஓட்டுப் போட்ட ஜனங்களுக்குத்தான் தண்டனை. அவர்களுடைய ஓட்டு பறிபோனது.

ஆறு மாதத்தில் தேர்தல் வரும் என்றார்கள் சிலர். ஒரு வருஷம் என்றார்கள் சிலர். வந்தது 1996 அக்டோபரில்!

இந்த இடைவெளியில் தமிழ்நாட்டில் தேர்தலே நடக்கவில்லையா? நன்றாகவே நடந்தது. சட்டசபைக்கு 1977, 1980, 1984, 1989, 1991, 1996 என்று ஆறு தேர்தல். பார்லிமெண்டுக்கும் அதே கணக்கில் ஆறு. அதே பள்ளிக்கூடம், அதே வாத்தியார், அதே வாக்காளர் பட்டியல், விரலில் அதே மை. கார்ப்பரேஷனுக்கு மட்டும் பெட்டி கிடைக்கவில்லை!

அந்தக் காலத்தில் ஓட்டுப் போட 21 வயது ஆக வேண்டும். 1973-ல் அந்த வயதை எட்டிய வாலிபர், தன் தெருவுக்கு ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்தபோது 44 வயதுக்காரர். பேரன் பேத்தி எடுக்கிற வயது நெருங்கிவிட்டது. ஊர்ப் பெயரே மெட்ராஸ் போய்ச் சென்னை ஆகிவிட்டது.

யாருக்குப் பயம்?

இதில் எந்த ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 23 வருஷத்தில் கோட்டையில் தி.மு.க. இருந்தது, அ.தி.மு.க. இருந்தது, கவர்னர் ஆட்சியும் இருந்தது. எல்லோருக்கும் ரிப்பன் மாளிகை காலியாக இருப்பதே சௌகரியமாக இருந்தது.

காரணம் தெரியாத ரகசியமல்ல. 1959-ல் தி.மு.க. முதலில் பிடித்தது சென்னைக் கார்ப்பரேஷனை. கோட்டையைப் பிடித்தது 1967-ல். மாநகராட்சிப் படிக்கட்டில் ஏறினால் கோட்டை வாசல் தெரியும் என்று அப்போதே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஏறி வந்தவர்களுக்கு, பின்னால் இன்னொருவர் ஏறி வருவது பிடிக்குமா?

தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு கணக்கு உண்டு. கவுன்சிலர் இல்லாத ஊரில் தண்ணீர் லாரிக்கும் அவர்தான், தெரு விளக்குக்கும் அவர்தான். கவுன்சிலர் வந்துவிட்டால் கல்யாணப் பத்திரிகை இரண்டாகப் பிரிந்து போகும்.

அதிகாரிகளையும் சும்மா விட முடியாது. மாதா மாதம் மன்றம் கூடி, ஒருவர் எழுந்து "என் வட்டத்தில் போன மாதம் போட்ட ரோடு இந்த மாதம் ஏன் பெயர்ந்தது?" என்று கேட்பதை எந்த இன்ஜினீயர் விரும்புவார்?

மன்றம் காலியாக இருந்த காலத்தில் அதிகாரமும் கைமாறியது. குடிநீரும் கழிவுநீரும் 1978-ல் மாநகராட்சியின் கையை விட்டுப் போய்க் குடிநீர் வாரியத்திடம் சேர்ந்தன. அதன் பலனை இன்றும் தெருவில் பார்க்கலாம். காலுக்குக் கீழே ஓடுவது மழைநீர் என்றால் மாநகராட்சி. கழிவுநீர் என்றால் வாரியம். இரண்டும் கலந்து ஓடினால்? மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குடித்தனக்காரரின் பாடு!

மறுபடியும் அதே கதை

1993-ல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டு அமலுக்கு வந்தது. 74-வது திருத்தம். நகராட்சி மன்றத்துக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும், இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்று கறாராக எழுதி வைத்தார்கள். இனிமேல் 23 வருஷக் கூத்து நடக்காது என்று சட்டம் தெரிந்தவர்கள் தைரியம் சொன்னார்கள்.

நடந்ததைப் பாருங்கள். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அதே மாதம் நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிப்பை ஐகோர்ட்டு ரத்து செய்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு. அவசர அவசரமாக அறிவித்தது சரியில்லை, டிசம்பர் 31-க்குள் முறையாக நடத்துங்கள் என்றது கோர்ட்டு.

எந்த டிசம்பர் என்று யாரும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது! வார்டு எல்லை வரையறை, ஒதுக்கீடு, மேல் முறையீடு என்று இழுத்து, சுப்ரீம் கோர்ட்டு கெடு மேல் கெடு வைத்து, கடைசியில் ஓட்டுப் பதிவு நடந்த நாள் 2022 பிப்ரவரி 19.

நடுவில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்குப் பெட்டி கிடைத்தது. 2019 பார்லிமெண்ட் தேர்தலுக்குக் கிடைத்தது. கொரோனா உலுக்கிய 2021-ல் சட்டசபைத் தேர்தலுக்கும் கிடைத்தது.

மன்றம் இல்லாத அந்த ஐந்து வருஷத்தில் சென்னை சும்மாவா இருந்தது? 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களைப் பிடுங்கிப் போட்டது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு ஜனங்கள் லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். 2020-ல் தெருவை அடைத்துத் தகரம் கட்டினார்கள். 2021 நவம்பரில் தியாகராய நகர் தண்ணீரில் நின்றது. இத்தனைக்கும் தெருவில் இறங்கி முகம் காட்ட, திட்டு வாங்க, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் ஒருவர்கூட மாநகராட்சியில் இல்லை. 66 லட்சம் பேருக்கு, 426 சதுர கிலோமீட்டருக்கு, கமிஷனர்தான் எல்லாம்.

கமிஷனர்களில் நல்லவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். ராப்பகலாக உழைத்தவர்களும் உண்டு. ஆனால் அவர்களைக் கொண்டு வந்ததும் ஓர் உத்தரவு, அனுப்பி வைத்ததும் ஓர் உத்தரவு. இரண்டிலும் கொருக்குப்பேட்டைக்காரருக்கோ கோடம்பாக்கத்துக்காரருக்கோ ஒரு பேச்சும் இல்லை.

வரி மட்டும் நிற்குமா?

கடைக்காரர்கள் கேட்பார்கள்: "கவுன்சிலர் வந்து என்ன சார் கிழிச்சாங்க? வரி ஏறலையா?"

ஏறியது. நன்றாகவே ஏறியது. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வு வந்தது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். அரசு சொன்னது, மன்றம் தலையாட்டியது. 2024-ல் இன்னொரு ஆறு சதவீதம் ஏறியதும் இதே மன்றத்தின் தீர்மானத்தில்தான். ஆளுங்கட்சிக்குப் பலம் இருக்கும் மன்றத்தில் தீர்மானங்கள் கட்டுக்கட்டாக நிறைவேறுகின்றன. படித்துப் பார்த்துக் கை தூக்குகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அவர்களே சிரிப்பார்கள்.

ஆனால் ஒன்று. மன்றம் இல்லாத 2018-லும் வரி ஏறியதே! ஜூலையில் அரசு உத்தரவு வந்தது, மறு வருஷம் நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். ஏற்றும்போது யாரைக் கேட்டு ஏற்றினார்கள்? நிறுத்தும்போது யாரைக் கேட்டு நிறுத்தினார்கள்? 2022-லும் 2024-லும் கை தூக்கியவர் யார், தூக்காதவர் யார் என்று வட்டத்துக்காரருக்குத் தெரியும். 2018-ல் கோபத்தைக் காட்டப் பக்கத்தில் ஒரு கதவுகூட இல்லை.

இன்னொரு புகாரும் உண்டு. மணலும் ஜல்லியும் தெருவில் இறங்கினால் "அண்ணன் பார்க்கச் சொன்னார்" என்று ஆள் வந்து நிற்கிறார் என்பது நகரம் முழுக்கப் பேசப்படும் பேச்சு. பொய் என்று அடித்துச் சொல்ல யாரும் முன்வரவில்லை. பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, சில வட்டங்களில் கவுன்சிலர் அம்மா வீட்டில் இருக்க, அவர் வீட்டுக்காரர் "கவுன்சிலர்" என்று வலம் வருகிற வேடிக்கையும் நடக்கிறது. இதற்கெல்லாம் போலீஸ் இருக்கிறது, லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. பதவியைப் பறிக்கச் சட்டத்தில் வழியும் இருக்கிறது. கடைசியில் ஓட்டும் இருக்கிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதைத்தான் 1973-க்குப் பின் 23 வருஷம் பார்த்தாயிற்றே!

ஜனங்கள் பேரிலும் தப்பு

எல்லாப் பழியையும் கோட்டை மேல் போட்டால் நியாயமாகாது. அத்தனை வருஷம் காத்திருந்து வந்த 2022 தேர்தலில் சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை. தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். சனிக்கிழமை, லீவு. பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

சராசரியாக முப்பதாயிரம் பேருக்கு மேல் வாழும் வட்டத்தில் சில நூறு ஓட்டே ஜெயிப்பவரை மாற்றிவிடும். ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டு மார்க்கெட் தெரு மனசு வைத்தால் கவுன்சிலரின் பெயரே மாறும். சட்டசபைத் தேர்தலில் இந்தச் சக்தி ஒரு தெருவுக்குக் கிடையாது.

2022-ல் பகுதி சபைக்கும் விதி போட்டார்கள். கிராமத்தில் கிராம சபை போல நகரத்தில் தெருக்காரர்கள் கூடி, கவுன்சிலரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கலாம். எங்கே கூடுகிறது, எப்போது கூடுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். "அப்படின்னா?" என்பார். நோட்டீஸை நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டினால் ஆள் வருவார்கள். ஆள் வந்தால் கேள்வி வரும். அதனால்தானோ என்னவோ!

ஜனங்கள் அசட்டையாக இருந்தால் தேர்தலைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். 2025 ஜனவரி 5-ல் 28 மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. தனி அதிகாரிகள்தான் வந்தார்கள். சென்னையில் அதைப் பற்றிக் கூச்சல் எழவில்லை. கிராமத்துச் சங்கதி நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள்.

அதே சங்கதி ரிப்பன் மாளிகைக்கு வர எவ்வளவு நேரமாகும்? வார்டு எல்லையில் ஒரு வழக்கு, ஒதுக்கீட்டில் ஒரு வழக்கு போதும். இந்த இரண்டு வேலையையும் மன்றத்தின் காலம் முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே முடித்து, பட்டியலை வட்ட அலுவலகத்தில் ஒட்டி, ஆட்சேபணை கேட்டு, தீர்த்து வைக்க வேண்டும். கடைசி வாரத்தில் அவசரமாக அறிவித்து, கோர்ட்டில் குட்டு வாங்கி, "நாங்கள் என்ன செய்ய?" என்று கை விரிக்கிற நாடகத்தை 2016-லேயே பார்த்தாகிவிட்டது.

மாநில அரசும் தேர்தல் ஆணையமும் தேதியைச் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சிகள் கோர்ட்டுக்குப் போவதென்றால் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், பட்டியல் வெளியான அன்றே போக வேண்டும். குடியிருப்போர் சங்கங்களும் வியாபாரிகள் சங்கங்களும் தங்கள் வட்டத்து எல்லை எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிகிறது என்று பார்த்துப் பெயர்ப் பட்டியலைச் சரி பார்க்கலாம். விட்டுப் போன பெயரைச் சேர்க்க ஓட்டுப் பதிவு நாளில் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

அது வரைக்கும் விளக்கு எரியாவிட்டால் மாநகராட்சிப் புகார் எண் 1913 இருக்கிறது. ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட வருஷமும் 1913-தான். எண்ணைச் சுழற்றினால் எடுத்துக் குறித்துக்கொள்கிறார்கள். குறித்த பிறகும் விளக்கு எரியாவிட்டால், கவுன்சிலர் வீடு எங்கே என்று டீக்கடையில் கேட்டுப் போகலாம். 2027 மார்ச்சுக்குப் பிறகும் டீக்கடைக்காரர் கை காட்ட ஒரு வீடு இருக்க வேண்டும்.