லேபில் ஓடியது, வீட்டில் ஓடலையா? உபுண்டுவை ஃபார்மேட் பண்ணும் முன் இதைப் படிங்க!

கல்லூரி லேபில் ‘பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்’ என்று தட்டினால் சமர்த்தாக இன்ஸ்டால் ஆகிறது. அதே கட்டளையை வீட்டு லேப்டாப்பில் அடித்தால் திரை முழுக்க ஆங்கிலத்தில் திட்டு. ரெக்கார்டு நோட்டில் இருப்பதை எழுத்து மாறாமல் அடித்தும் ஏன் இப்படி? நாளைக்கு புராஜெக்ட் ரிவ்யூ வேறு. இந்தப் பதற்றத்தில்தான் பலரும் ‘மொத்தமா ஃபார்மேட் பண்ணிட்டு மறுபடி போட்டுக்கலாம்’ என்று இறங்குகிறார்கள். பாதி எழுதிய ரிப்போர்ட், அக்கா கல்யாண போட்டோ எல்லாம் காணாமல் போவது அப்போதுதான்.

கொஞ்சம் பொறுங்க. ஃபார்மேட் செய்தாலும் அதே எரர் திரும்ப வரும். ஏன்னா, அது பழுது இல்லை. வேண்டுமென்றே போட்ட பூட்டு.

லேபில் உபுண்டு 22.04 இருக்கலாம், உங்கள் வீட்டில் 24.04 இருக்கலாம். 2023-ல் வந்த உபுண்டு 23.04, டெபியன் 12 ஆகிய பதிப்புகளிலிருந்து இந்தப் பூட்டு வந்துவிட்டது. எரரின் முதல் வரியில் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்று இருக்கும். ‘இந்த பைதானை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார், நீ கை வைக்காதே’ என்று அர்த்தம். அந்த வேறொருவர், உபுண்டுவின் சொந்த பேக்கேஜ் மேனேஜரான ‘ஆப்ட்’.

உபுண்டு தன் வேலைகளுக்கே பைதானை நம்பியிருக்கிறது. அப்டேட் வந்திருக்கிறது என்று காட்டும் சாளரம்கூட பைதானில் எழுதியதுதான். நம் புராஜெக்ட்டுக்காக ‘பிப்’ மூலம் ஒரு பேக்கேஜின் புதுப் பதிப்பை அங்கேயே இறக்கினால், பழைய பதிப்பை நம்பியிருந்த சிஸ்டம் புரோகிராம் படுத்துவிடும். அபார்ட்மென்ட்டின் பொது மோட்டாரிலிருந்து நம் வீட்டுக்கு மட்டும் தனி லைன் இழுப்பது மாதிரி. நமக்குத் தண்ணீர் வரும், மேல்மாடிக்கு நின்றுவிடும்.

யூடியூபில் தேடினால் ஒரு குறுக்கு வழி கிடைக்கும். கட்டளையின் கடைசியில் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்று சேர்க்கச் சொல்வார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரைத் தமிழில் ஒரு தடவை படித்துப் பாருங்கள்: ‘சிஸ்டம் பேக்கேஜ்களை உடை’. இதைவிடத் தெளிவாக யாரும் எச்சரிக்க முடியாது. முன்னால் ‘சூடோ’ வேறு சேர்த்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

சரியான வழி, புராஜெக்ட்டுக்கென்று தனி அறை கட்டிக்கொள்வது. இதன் பெயர் விர்ச்சுவல் என்விரான்மென்ட், சுருக்கமாக ‘வென்வ்’. கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’. அடுத்து ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைதான்3-வென்வ்’. பிறகு உங்கள் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் ‘பைதான்3 -எம் வென்வ் அறை’ என்று கொடுங்கள். ‘அறை’ என்பது நான் வைத்த பெயர். உங்களுக்குப் பிடித்த பெயரை இடைவெளி இல்லாமல் வையுங்கள். கடைசியாக ‘சோர்ஸ் அறை/பின்/ஆக்டிவேட்’. இப்போது டெர்மினல் வரியின் ஆரம்பத்தில் அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயர் தெரிந்தால், நீங்கள் அறைக்குள் இருக்கிறீர்கள். இனி ‘பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்’ சத்தமில்லாமல் ஓடும்.

டெர்மினலை மூடித் திறந்தால் ‘சோர்ஸ்’ வரியை மறுபடி அடிக்க வேண்டும். ‘நேத்து இன்ஸ்டால் பண்ணேன், இன்னைக்கு காணோம்’ என்ற புலம்பலுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான். சொதப்பிவிட்டால் அந்த ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு புதிதாகக் கட்டுங்கள். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள், உள்ளே இருக்கும் பாதைகள் எல்லாம் பழைய முகவரியையே தேடும்.

அறைக்குள் போன பிறகும் எரர் வந்தால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். உபுண்டு 24.04-ல் இருப்பது பைதான் 3.12. நம்பை பேக்கேஜ் இதற்கு ஆதரவு கொடுப்பதே 1.26-லிருந்துதான். சீனியர் கொடுத்த பழைய புராஜெக்ட்டில் 1.21 என்று எழுதியிருந்தால் அது அடம்பிடிக்கத்தான் செய்யும். அந்த எண்ணை எடுத்துவிட்டு முயன்று பாருங்கள்.

சிலருக்கு ‘பிப்’ வரைக்கும்கூடப் போக முடியாது, ‘ஆப்ட்’டிலேயே மாட்டிக்கொள்வார்கள். ‘குட் நாட் கெட் லாக்’ என்று வந்தால் பின்னணியில் ஆட்டோமேட்டிக் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், அந்த லாக் ஃபைலை அழிக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். இன்ஸ்டால் நடக்கும்போது கரன்ட் போயிருந்தால் ‘சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ என்று அடியுங்கள், பாதியில் நின்ற வேலையை அதுவே முடித்துவிடும். ‘404’ என்று வந்தால் முதலில் ‘ஆப்ட் அப்டேட்’. அப்படியும் போகவில்லை என்றால் உபுண்டு பதிப்பைப் பாருங்கள். எல்டிஎஸ் அல்லாத பதிப்புகளுக்கு ஆதரவு 9 மாதம்தான், 23.04-க்கு அது 2024 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் புதிய பதிப்புக்கு மாறுவதுதான் வழி.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷத் தொல்லை உண்டு. ‘ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்’ என்று ஆப்ட் சொல்லும், ‘சர்டிஃபிகேட்’ சரியில்லை என்று பிப் சொல்லும். நெட் நன்றாகத்தான் இருக்கும். திரையின் மேலே தேதியைப் பாருங்கள், சில வருடம் பின்னால் நிற்கலாம்! மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டால், சார்ஜ் முழுதாக இறங்கும்போது கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். செட்டிங்ஸில் தேதியைச் சரிசெய்தால் எரர் போய்விடும். பேட்டரியை மாற்ற சர்வீஸ் கடைக்காரரிடம் கொடுத்தால் போதும். இதற்காகப் புது லேப்டாப் கேட்டு அப்பாவிடம் நிற்க வேண்டாம்.

பேக்கேஜ் பெயரை அவசரத்தில் தப்பாக அடிப்பதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘ஜெல்லிஃபிஷ்’ என்ற பேக்கேஜின் பெயரில், சின்ன ‘எல்’ வரவேண்டிய இடத்தில் பெரிய ‘ஐ’ எழுத்தைப் போட்டு ஒரு போலியை யாரோ ஏற்றிவைத்தார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினியில் உள்ள ரகசியச் சாவிகளைத் திருடுவதுதான் அதன் வேலை. 2019 டிசம்பரில் கண்டுபிடித்து நீக்கும்வரை கிட்டத்தட்ட ஒரு வருடம் அது பிப் தேடும் அதே கிடங்கில் இருந்தது. வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய கட்டளையை அப்படியே காப்பி பேஸ்ட் செய்யும் முன், பேக்கேஜின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பெயரை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.