மந்திரவாதிக்கும் விதி உண்டு

துப்பறியும் கதை எழுதுவோருக்கு 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் பத்துக் கட்டளைகள் வகுத்தார். கத்தோலிக்கப் பாதிரியார் என்பதால், கட்டளை என்றதும் பத்து என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஒரு கட்டளை பேய், மந்திரங்களுக்குத் தடை போட்டது. இன்னொன்று, கடைசியில் நீண்ட அறிவியல் விளக்கம் கேட்கும் கருவிகளைத் தடுத்தது. வாசகரும் கூடவே குற்றவாளியைத் தேட வேண்டும். ஆசிரியர் மடியில் ஒளித்த சீட்டைக் கடைசியில் எடுத்து வீசக் கூடாது.

கவலை நியாயமானது. தடைதான் அதிகப்படி.

அறிவியல் புனைவும் துப்பறிதலும் ஒட்டாது என்றே பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லும் சாதித்தார். 1954-ல் நூலாக வந்த ஐசக் அசிமோவின் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ அதற்குப் பதில். மூடிய பெருநகரங்களுக்குள் வாழும் பூமிவாசிகள் திறந்த வெளியைக் கண்டு நடுங்குவார்கள். ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யாது. துப்பறிவாளர் எலைஜா பெய்லியும் அவருடைய ரோபோ கூட்டாளி டேனீலும் இந்த விதிகளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். விதி முன்பே தெரிந்துவிடுவதால் வாசகருக்கும் சம வாய்ப்பு.

ராண்டல் காரெட் மந்திரத்தையே தடயவியல் ஆக்கினார். அவருடைய ‘டூ மெனி மெஜிஷியன்ஸ்’ நாவலில் லண்டனில் மந்திரவாதிகள் மாநாடு; பூட்டிய அறைக்குள் ஒரு பிணம். கூடியிருப்பவர்கள் எல்லாருமே மந்திரவாதிகள் என்றால் யாரைச் சந்தேகிப்பது? ஆனால் அந்த உலகில் மந்திரம் இயற்பியலைப் போலக் கறாரானது. நினைத்ததெல்லாம் நடந்துவிடாது.

இந்தக் கலவையின் உச்சம் சைனா மியெவிலின் ‘தி சிட்டி அண்ட் தி சிட்டி’ (2009). பெஷெல், உல் கோமா என்ற இரு நகரங்கள் ஒரே நிலத்தில் பின்னிக் கிடக்கின்றன. எதிரே வரும் அடுத்த நகரத்தாரைப் பார்த்தும் பாராதிருக்க, சிறுவயதிலேயே எல்லாருக்கும் பழக்கிவிடுகிறார்கள். (சாதிக்கொரு தெரு வைத்திருக்கும் ஊர்களை அறிந்த வாசகருக்கு இது ரொம்பவும் அந்நியமாகப் படாது.) அங்கே எல்லை மீறுவது கொலையைவிடப் பெரிய குற்றம். ஒரு பெண்ணின் கொலையை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் போர்லு, கொலையாளியோடு சேர்த்துத் தன் கண்களையும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. விண்கலமும் கிடையாது, மந்திரக்கோலும் கிடையாது. ஆனாலும் அறிவியல் புனைவுக்கான ஆர்தர் சி. கிளார்க் விருது, உலக மிகுபுனைவு விருது இரண்டும் 2010-ல் இந்த நாவலுக்கே போயின. எந்த அலமாரியில் வைப்பது என்ற கவலை நூலகருக்கு; வாசகருக்கு எதற்கு?

தமிழில் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இன்னும் துணிச்சலானது. ஆவியா, ஹாலோகிராமா என்ற கேள்வியைக் கடைசிப் பக்கத்திலும் அவர் முழுதாக மூடவில்லை. இதை ஏமாற்று என்று சொல்வோர் உண்டு. ஆனால் துப்பறியும் வழக்கறிஞர் கணேஷின் அறிவியலுக்கும் அவருடைய உதவியாளர் வசந்தின் ஆவி பயத்துக்கும் நடக்கும் இழுபறி வெளிப்படையானது; சுஜாதா எதையும் மடியில் ஒளிக்கவில்லை. தீர்ப்பை மட்டும் வாசகரிடம் விட்டுவிட்டார்.