எழுதிக் கொடுங்கள்

பெண்ணை மறுக்கும் அதிகாரம் எழுதுவதில்லை, பேசிவிட்டுப் போகிறது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24ஆவது விதி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுத்தருபவருக்குச் சில தகுதிகள் கேட்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஐந்தாண்டு ஓட்டிய அனுபவம், மோட்டார் மெக்கானிக் சான்றிதழ். ஆணாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆனால் வண்டிச் சாவியை மகனிடம் மட்டுமே கொடுக்கும் வீடும், மெக்கானிக் படிப்பு பெண்ணுக்கு எதற்கு என்று கேட்கும் ஊரும் அந்தத் தகுதிகளை ஆணுக்கே சேர்த்து வைக்கின்றன.

அதையும் தாண்டி வந்தவள் என் முன்னாள் மாணவி. மணவாள நகரில் பெண்களுக்கென்று பயிற்சிப் பள்ளி தொடங்க விண்ணப்பம் கொண்டுபோனாள். "வீட்டுக்காரர் பேர்ல போடும்மா, பார்க்கலாம்" என்று சொல்லி, வாங்காமலே திருப்பி அனுப்பினார்கள்.

மறுப்பதென்றால் விண்ணப்பித்தவர் தரப்பைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்த ஆணை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மாநிலப் போக்குவரத்துத் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். இவையும் அதே விதிகளில் உள்ளவைதான். ஆணையே இல்லையென்றால் எதை எதிர்த்து முறையிடுவது? "பார்க்கலாம்" என்ற சொல்லின் சூழ்ச்சி அதுதான்.

சவூதி அரேபியா 2018 வரை பெண்களுக்கு உரிமம் வழங்காமலே தடுத்தது. உலகம் அதைத் தடை என்றது. இங்கே 1993இலேயே வசந்தகுமாரி அரசுப் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அவரைக் காட்டியே நம் வாயை அடைக்கிறார்கள்.

தோழியரே, விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் சண்டை வேண்டாம், அழுகையும் வேண்டாம். "எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். எழுதித் தரும்வரை நகராதீர்கள்.