வண்டி வீட்டில் காற்று வழி

இங்கிலாந்திலுள்ள பிள்ளைகளோடு கரவனில் ஊர் சுற்றப் போகிறீர்களா? காரின் பின்னே இழுபடும் அந்த வண்டி வீட்டின் தரையில் சிறு துவாரங்கள் இருக்கும். குளிருக்குப் பயந்து அவற்றைத் துணியால் அடைத்துவிடாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது; கசிந்தால் கீழேதான் தங்கும். அது வெளியேறவே அத்துவாரங்கள்.

குளிர்காய்வதற்காக அடுப்பை எரியவிடாதீர்கள். இறைச்சி சுட்ட கரியடுப்பை, அணைந்துவிட்டதென்று எண்ணி உள்ளே எடுக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றினால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

நச்சு வாயுவை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று படுக்குமுன் பாருங்கள். குளிருக்கு இன்னொரு போர்வை எடுங்கள். காற்று வழியை மட்டும் மூடாதீர்கள்.