மணலுக்குள் மறைக்கப்படும் அநீதி

2004 திசெம்பரிலே கடற்கோள் வந்து போனது. 2005இல் ஆட்சியாளர் அளவுகோலை எடுத்தனர். தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டலாகாது என்றனர். கடலுக்கும் திசைபேதம் உண்டு போலும்! பின்னர் அக்கோட்டைத் தாமே தளர்த்தினர். எவ்வளவு தூரத்தில் வீடு என்று அளந்தவர்கள், எதன்மீது வீடு என்று கேட்டனரா? கோட்டுக்கு வெளியே முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா. இறுகிய நிலத்தில் இருப்பவனுக்கும் அதே தொகை, கடல்மணலில் இருப்பவனுக்கும் அதே தொகை! பணம் போதாதவன் எதைக் குறைப்பான்? சுவரையா, கூரையையா? கண்ணுக்குத் தெரியாத அத்திவாரத்தையே குறைப்பான். குற்றம் அவனதன்று.

மட்டக்களப்பிலே கல்லடி முதல் நாவலடி வரையுள்ள நிலத்தைப் பாருங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, இடையே மணல். 1978 நவம்பரிற் சூறாவளியையும் 2004இற் கடற்கோளையும் கண்ட மண் அது. 2011 சனவரியில் அம்மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது. ஆயினும் இருபுறத்து நீரும் ஒரே தன்மையதன்று. கடல்நீர் பாய்ந்து வரும், பாய்ந்தே திரும்பும்; திரும்புகையில் வீட்டு மூலையின் மணலை அரித்துச் செல்லும். இரண்டடி ஆழக் கருங்கல் அத்திவாரம் அந்தரத்திலே தொங்கும், சுவர் பிளக்கும். அங்கே வேண்டியவை, அரிப்பு எட்டாத ஆழத்துக்கு இறங்கிய கம்பியிட்ட கொங்கிறீற்றுத் தூண்களும், அவற்றைப் பிணைக்கும் பீம்களும், தளத்தின் கீழே நீர் புகுந்து வெளியேற வெட்டவெளியுமே. வாவிப்புறத்து வெள்ளமோ மெல்ல ஏறி நாட்கணக்கிலே நிற்பது. அங்கே கல்லாற் கட்டி, உள்ளே மண்ணைப் படைபடையாக இடித்து இறுக்கி உயர்த்திய அத்திவாரம் போதும். வடிகாலை மறித்து உயர்த்தினால் மட்டும் அயலவன் வளவு குளமாகும்.

கடல்மணலை அப்படியே கொங்கிறீற்றிற் கலந்தால் உப்பு உள்ளிருந்தே கம்பியைத் தின்னும். இதனை மேசன்மார் அறியாதவரல்லர். ஆற்றுமணல் வாங்க வீட்டுக்காரனிடம் காசில்லை.

ஆழமான தூணுக்குச் செலவு அதிகம் என்பர். ஒரே வீட்டை இருமுறை கட்டுவது மலிவோ? இருவகை நிலத்துக்கும் ஒரே படத்தை நீட்டுவோரைக் கேட்கிறோம்: அடுத்த வீட்டுத்திட்டத்தின் விண்ணப்பப் படிவத்திலே ‘கடலோரமா, வாவியோரமா?’ என்றொரு வினாவைச் சேருங்கள். மண்ணைத் தோண்டிப் பார்த்த பின்னர் படம் வரையுங்கள். அத்திவாரத்துக்கென வேறாகப் பணம் ஒதுக்குங்கள். அதுவரையில், வீடு கொடுத்தோம் என்று மேடைகளிலே முழங்காதிருங்கள்.