பண்ணைப் பசுவுக்கு உள்ள பதிவேடு நமக்கு வேண்டாமா?

ஓசூரை ஒட்டியுள்ள மத்திகிரியில் அரசுக் கால்நடைப் பண்ணை ஒன்று பரந்து கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். வெள்ளையர் காலத்தில் படைக் குதிரைகளுக்காக ஏற்பட்ட இடம் அது. இத்தகைய பண்ணைகளில் ஒவ்வொரு பசுவின் காதிலும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்கு ஒரு பதிவேடு இருக்கும். தாய் எது, தகப்பன் காளை எது, எத்தனையாவது ஈற்று, கன்றுக்கு ஏதேனும் குறை உண்டா என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஒரு பொலிகாளையை அதன் சொந்த மகளோடு சேர்த்துவிடாமல் இருப்பதற்கு அந்த ஏடுதான் காவல்.

அதே மத்திகிரியில் ஒரு வீட்டுப் பையனுக்குப் பதினைந்து வயதில் காது மந்தமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய பாட்டியின் தம்பிக்கு இளமையில் காது எப்படி இருந்தது என்று கேட்டால், விடை சொல்ல ஒரு சீட்டுக்கூட இராது. பசுவுக்குக் காட்டும் அக்கறையை நாம் நமக்குக் காட்டவில்லை என்பது என் கட்சி. இது வெறும் பேச்சுக்காகச் சொல்வதன்று. நம் பகுதிக்கே உரிய ஒரு நோயைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

1970-ஆம் ஆண்டில் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூன்று சென்னை மருத்துவர்கள், தென்னிந்தியாவின் இளம் வயதினரிடம் காணப்படும் ஒரு விசித்திரமான நரம்பு நோயைப் பற்றி எழுதினர். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிந்துபோகும் நோய்கள் உலகெங்கும் உள்ளன. அவை பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்களுக்கே வரும். சில ஆண்டுகளில் உயிரையும் வாங்கிவிடும். ஆனால் இவர்கள் பார்த்த நோயாளிகளோ பள்ளி, கல்லூரி வயதினர். கைகால் தசைகள் மெலிந்தன, முகத்திலும் தொண்டையிலும் வலுக்குறைந்து பேச்சு மூக்கால் வந்தது, விழுங்குவது கடினமாயிற்று. அத்துடன் பலருக்குக் காதும் கேளாமற் போயிற்று. நோய் மிக மெதுவாக நகர்ந்ததால் பலர் பல பத்தாண்டுகள் வாழ்ந்தனர். இந்நோய்க்கு ‘மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்’ என்று உலக மருத்துவ நூல்களில் பெயர் நிலைத்துவிட்டது. சென்னை என்று நகரின் பெயர் மாறியபின்னும் நோய்க்கு மட்டும் மெட்ராஸ் என்ற பெயரே நிற்கிறது!

அந்த ஆராய்ச்சியைப் பிறகு தொடர்ந்தவர்களில் முக்கியமானவர்கள் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்து மருத்துவர்கள். நிம்ஹான்ஸ் இருப்பது பெங்களூரின் ஓசூர் சாலையில். அதாவது, ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஓடும் அதே நெடுஞ்சாலை வழியில். கௌரி தேவியும் சுரேஷும் 1988-இல் இந்நோயின் போக்கை விவரித்தனர். நளினியும் அவருடைய குழுவினரும் 1971 முதல் 2007 வரை 36 ஆண்டுகளில் பார்க்கப்பட்ட 116 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2008-இல் வெளியிட்டனர். அதற்கு முன், 2006-இல், ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் கண்ட 15 தென்னிந்தியக் குடும்பங்களைப் பற்றியும் எழுதியிருந்தனர்.

36 ஆண்டுகளில் 116 பேர் என்றால், ‘இவ்வளவு அரிய நோய்க்கு எதற்கு இத்தனை கவலை? காசநோயைக் கவனிப்போம்’ என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். விடை வேறொரு நாட்டுக் கதையில் இருக்கிறது.

1894-இல் பிரௌன், 1936-இல் இத்தாலியில் வியாலெட்டோ, 1966-இல் பெல்ஜியத்தில் வான் லேர் என மூன்று மருத்துவர்கள் தனித்தனியே ஒரு நோயை விவரித்தனர். காது கேளாமை, முகம் மற்றும் தொண்டைத் தசைகளின் தளர்ச்சி, கைகால் மெலிவு. நம் மெட்ராஸ் நோயோடு எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்! நூறாண்டுக்கு மேலாக இதற்குக் காரணமும் தெரியவில்லை, மருந்தும் இல்லை. 2010-இல் பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் சில குடும்பங்களின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து, 20-ஆவது குரோமோசோமிலுள்ள ஒரு ஜீனில் பிழை இருப்பதைக் கண்டனர். ஏறக்குறைய அதே சமயத்தில், ஜப்பானில் வேறு சிலர் உணவிலுள்ள ரைபோபிளேவின் என்னும் பி2 வைட்டமினைக் குடல் எப்படி உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தனர். இருவரும் சுரங்கத்தின் இரு முனைகளிலிருந்து தோண்டி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தனர்! பிழைபட்ட ஜீன், ரைபோபிளேவினை உயிரணுவுக்குள் கொண்டுசெல்லும் புரதத்தை உண்டாக்கும் ஜீனே. 2012-இல் இதே வேலையைச் செய்யும் இன்னொரு ஜீனிலும் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன.

ரைபோபிளேவின் உங்களுக்குப் புதியதன்று. பால் திரிந்தால் மேலே தெளிந்து நிற்கும் நீரில் பச்சை கலந்த மஞ்சள் நிறம் தெரியுமே, அந்த நிறம் அதனுடையதுதான். கண்ணாடிப் புட்டியில் பாலை வெயிலில் வைத்தால் இந்த வைட்டமின் சிதைந்துவிடும். நம் உடல் இதிலிருந்து இரண்டு துணைப்பொருள்களைச் செய்துகொள்கிறது. உயிரணுவின் மின்சார நிலையம் எனத்தக்க மைட்டோகாண்டிரியாவில் உணவிலிருந்து ஆற்றல் பெறும் பணிக்கு இவை இன்றியமையாதவை. முதுகுத் தண்டிலிருந்து விரல் நுனித் தசைவரை நீண்டு கிடக்கும் நரம்பணு, ஓயாமல் ஒலியைச் சுமக்கும் செவி நரம்பு ஆகியவை ஆற்றலை மிகுதியாகச் செலவிடுபவை. பஞ்சம் வந்தால் முதலில் வாடுவது அதிகம் உண்பவன்தானே!

வாசல் குறுகியிருக்கிறது என்றால் வெளியே கூட்டத்தைப் பெருக்கினால் சிலராவது உள்ளே நுழைவார்கள் அல்லவா? நெதர்லாந்து மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட சிகிச்சையின் கருத்து இதுதான். நமக்கு நாளொன்றுக்குத் தேவை ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் ரைபோபிளேவின். நோயாளிகளுக்கோ உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 50 மில்லிகிராம்வரை தினமும் தரப்படுகிறது. பலருக்கு நோய் நின்றது. சிலருக்கு இழந்த வலிமை ஓரளவு திரும்பியது. எவ்வளவு சீக்கிரம் தொடங்கினார்களோ அவ்வளவு பலன். மிகுதியான வைட்டமின் சிறுநீரில் பளிச்சென்ற மஞ்சளாக வெளியேறிவிடுகிறது. நூறாண்டுப் புதிருக்கு விடை, மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு வைட்டமின்!

மெட்ராஸ் நோயும் இதுவும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. மெட்ராஸ் நோய்க்கு ‘இதுதான் காரணம்’ என்று ஒரே ஜீனைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆனால் ஒன்றுபோல் தோன்றும் இரண்டில் ஒன்று மருந்துக்கு இணங்குகிறது. அப்படியிருக்க, காதும் தசையும் சேர்ந்து தளரும் ஒரு சிறுவனைப் பார்த்தவுடன் ‘இதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று அனுப்பிவிடுவது பெரும் பிழையல்லவா? ஜீன் பரிசோதனையின் முடிவு வரும்வரை காத்திராமல் ரைபோபிளேவினைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே இத்துறை வல்லுநர்களின் அறிவுரை. அது நம் மாவட்ட மருத்துவமனைவரை வந்து சேர வேண்டும் என்பேன். (இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரை வாங்கி விழுங்கவேண்டாம். காது கேளாமையில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவையே அல்ல. அவற்றுக்கு இந்த வைட்டமின் எதுவும் செய்யாது. கேட்கும் குறை உள்ள உங்கள் வகுப்புத் தோழனை நோயாளியாகப் பார்ப்பதும் அறிவீனம்.)

இனி பதிவேட்டுக்கு வருவோம். மேற்சொன்ன வைட்டமின் நோய் பின்னடங்கும் வகையைச் சேர்ந்தது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் உள்ளவர் நலமாகவே இருப்பார். அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4-இல் 1. இரண்டு குழந்தைகள் உள்ள இத்தகைய 16 குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். சராசரியாக 9 குடும்பங்களில் எவருக்கும் நோய் இராது. 6 குடும்பங்களில் ஒரு குழந்தைக்கு இருக்கும். 1 குடும்பத்தில் மட்டுமே இருவருக்கும் இருக்கும். ஆக, நோய் தலைகாட்டும் 7 வீடுகளில் 6 வீட்டார், ‘எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையே, இது எப்படிப் பரம்பரை நோயாகும்?’ என்று உண்மையாகவே கேட்பார்கள். குடும்பங்கள் சிறுத்துவிட்ட இக்காலத்தில் பரம்பரை தன் முகத்தை மறைத்துக்கொள்கிறது. பெரியப்பா மக்கள், அத்தை மக்கள், மூன்று தலைமுறை எனக் கிளை விரித்துப் பார்த்தால்தான் அது வெளிப்படும்.

நம் பக்கத்தில் அக்காள் மகளை மணக்கும் வழக்கம் தமிழர், தெலுங்கர், கன்னடர் என எல்லோரிடமும் உண்டு. ஓசூர் வட்டாரத்தில் மூன்று மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும், வழக்கமும் அப்படியே. தாய்மாமனிடம் ஓர் அரிய பழுதான பிரதி இருந்தால், அது அவனுடைய அக்காளிடமும் இருக்க வாய்ப்பு 2-இல் 1. அவள் மகளிடம் இருக்க 4-இல் 1. உறவில்லாத பெண்ணிடம் அதே பழுது இருப்பதோ பல நூறில் ஒன்றாக இருக்கலாம். கணக்கு இவ்வளவுதான். இதைக் கொண்டு எந்தத் தாயையும் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதையும் அதே கணக்குத்தான் சொல்கிறது. ஆனால் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு நோய் கண்டபின், அடுத்த மணம் பேசுவதற்கு முன் ஒரு மரபியல் ஆலோசகரைப் பார்ப்பது ஜாதகம் பார்ப்பதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து. கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

எல்லைப் பகுதிக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. நோயாளி ஒரு மாநிலம், பெரிய மருத்துவமனை வேறொரு மாநிலம். தாய்வீடோ ஆந்திரத்தில் குப்பத்திலோ சித்தூரிலோ இருக்கும். ஒரே குடும்பத்தின் கதை மூன்று மாநிலங்களில் மூன்று துண்டாகக் கிடந்தால் அதைச் சேர்த்துப் படிப்பவர் யார்? இந்தியர் 10,000 பேருடைய முழு டி.என்.ஏ. வரிசையைப் படித்த ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அதை ஒருங்கிணைத்ததும் பெங்களூரில் உள்ள மூளை ஆராய்ச்சி மையமே. ஒரு நோயாளியிடம் காணும் மாற்றம் நம் மக்களிடையே சாதாரணமாகக் காண்பதா, அரிதா என்று ஒப்பிட்டுப் பார்க்க இத்தகைய அளவுகோல் தேவை. அளவுகோல் வந்துவிட்டது. அதைக்கொண்டு அளப்பதற்குக் குடும்ப வரலாறு இல்லையே என்பதுதான் குறை.

இந்த வேலையை நீங்களே தொடங்கலாம். இந்நோய் தலைகாட்டுவது பெரும்பாலும் உங்கள் வயதில்தான் என்பதை மறவாதீர்கள். கவனமில்லை என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பப்படும் மாணவனுக்கு உண்மையில் காது கேட்காமலிருக்கலாம். எழுத்து கோணல் என்று திட்டு வாங்குபவனுக்கு விரல்கள் மெலியத் தொடங்கியிருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை செவிச் சோதனை செய்யுமாறு உங்கள் தலைமையாசிரியரைக் கேளுங்கள்.

அடுத்த விடுமுறையில் பாட்டியின் அருகில் ஒரு பெரிய தாளோடு உட்காருங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மணத்துக்கு ஒரு கோடு, உறவில் மணமானால் இரட்டைக் கோடு. பாட்டியின் தலைமுறைவரை போங்கள். சிறு வயதில் இறந்த குழந்தைகளை விட்டுவிடாதீர்கள். அவர்களைப் பற்றித்தான் பெரும்பாலும் யாரும் பேசமாட்டார்கள். யாருக்கு எந்த வயதில் காது, கண், நடை தளர்ந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். தாளை வகுப்பில் காட்ட வேண்டாம். அது உங்கள் குடும்பத்தின் சொத்து. பெட்டியில் பத்திரமாக வைத்து, தேவைப்படும் நாளில் மருத்துவரிடம் மட்டும் கொடுங்கள்.