'தயாரில்லை' என்று சொல்ல ஆளில்லை

கனடாவின் மத்திய அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் வழங்க 2016 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது 'பீனிக்ஸ்' கணினி அமைப்பு. பலருக்குச் சம்பளம் குறைந்தது; சிலருக்கு வரவேயில்லை; வேறு சிலருக்குக் கூடுதலாக வந்தது. கூடுதல் தொகையை அதே ஆண்டில் திருப்பிச் செலுத்தாதவர்கள், வரியாகப் பிடிக்கப்பட்டுத் தங்கள் கைக்கே வராத பணத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. 2017 ஜூன் இறுதியில் திருத்தப்படாமல் கிடந்த பிழைகளின் மதிப்பு 50 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

இது கணினியின் கோளாறு அல்ல. தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் பெர்குசன் 2018இல் அளித்த அறிக்கை அதைத் தெளிவாக்கியது. செலவும் கெடுவும் கைமீறக் கூடாது என்பதற்காக, முன்தேதியிட்ட நிலுவைச் சம்பளத்தைக் கணக்கிடுவது உள்ளிட்ட முக்கிய வசதிகளைத் திட்ட அதிகாரிகளே நீக்கினர். ஒரு துறையில் நடத்தவிருந்த முன்னோட்டத்தையும் கைவிட்டனர். துறைகள் கவலை தெரிவித்தும் திட்டம் நிற்கவில்லை. திட்ட அதிகாரிகளைத் தட்டிக்கேட்கும் சுதந்திரமான கண்காணிப்பு எதுவும் இருக்கவில்லை.

அரசோ நிறுவனமோ கணினிமயத்துக்கு மாறும்போது திட்ட மேலாண்மை அலுவலகம் அமைப்பது எதற்காக? அட்டவணையில் பச்சை நிறம் பூசுவதற்காக அல்ல. புதிய முறையைப் பயன்படுத்தப் போகிறவர்களின் குரலை முடிவெடுப்பவர்களிடம் கொண்டுசேர்ப்பதும், வேலை முடியவில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்வதுமே அதன் கடமை. பீனிக்ஸ் அதிகாரிகள் அந்தக் கடமையில் தவறினார்கள். அவர்களுக்குச் சலுகை காட்ட நமக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஆனால், பழியை அவர்களோடு நிறுத்திக்கொள்வதும் நியாயமாகாது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்ற கணக்கை நம்பி, புதிய அமைப்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே துறைகளில் சுமார் 1,200 சம்பள ஆலோசகர் பணியிடங்களை ஒழித்தது அரசு. அவர்களின் வேலை நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் மிராமிஷி நகரில் அதில் பாதிப் பேர்கூட இல்லாத ஒரு மையத்தின் தலையில் விழுந்தது. சிக்கலான சம்பள விதிகளைப் பல ஆண்டு பழக்கத்தில் அறிந்திருந்தவர்களை வெளியேற்றிய பிறகு, பிழையைத் திருத்த யார் இருந்தார்கள்? மிச்சக் கணக்குக்கு ஒப்புதல் தந்த அரசியல் தலைமை, ஊழியர்களின் வீடுகளில் ஏற்பட்ட கடனுக்கும் பொறுப்பாளி.

பீனிக்ஸுக்கு மாற்று தேடப்போவதாக 2018 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அந்த மாற்றுத் திட்டத்தின் அலுவலகம், திட்டத்தை நடத்தும் அதிகாரிகளைக் கடந்து நேரடியாக மேலிடத்துக்கு அறிக்கை தரும் உரிமையோடு அமைய வேண்டும். ஒவ்வொரு துறையிலும் முழுச் சோதனை முடியும்வரை சம்பளப் பிரிவில் ஒரு பணியிடத்தைக்கூடக் குறைக்கக் கூடாது.